படியில் உட்கார்ந்து படி

ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் தாளில் நான் சிவப்பு மையால் போட்ட ஓர் இன்ட்டு, ஏழு ஆண்டுகள் கழிந்தும் என்னை விடவில்லை. மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை சிறு தேர்வு வைப்பது என் வழக்கம். அன்று பத்து ஆங்கிலச் சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது நவுனா, வெர்ப்பா, அட்ஜெக்டிவா என்று எழுதச் சொல்லியிருந்தேன். மூன்றாவது சொல் 'வாட்டர்'. மற்றவர்கள் எல்லோரும் 'நவுன்' என்று எழுதியிருக்க, அவள் மட்டும் 'வெர்ப்' என்று எழுதியிருந்தாள். தண்ணீர் ஒரு பொருள், பொருளின் பெயர் நவுன், இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று இன்ட்டு போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தோடு வந்தாள். தோட்டத்தைப் பற்றிய ஒரு பாடத்தில் 'வி வாட்டர் த பிளான்ட்ஸ் எவ்ரி மார்னிங்' என்று ஒரு வரி இருந்தது. அதன் கீழே விரலை வைத்து, "இங்க தண்ணி ஊத்துறோம்னுதானே டீச்சர் இருக்கு? ஊத்துறது வெர்ப்தானே?" என்று கேட்டாள். அவள் கேட்டது சரி என்பது அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், "வாக்கியத்துக்குள்ள வர்றப்ப அப்படி வரும். தனியா இருக்கறப்ப வாட்டர் நவுன்தான்" என்று சொன்னேன். அவள் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை இல்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு, உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையில், "தனியா கெடக்கறப்ப அது என்ன வேலை டீச்சர் செய்யும்?" என்று கேட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே பாமணியாற்றங்கரையில் எங்கள் ஊர். 2018ஆம் ஆண்டு ஆவணி மாதம் அது. வழக்கமாக ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த ஆண்டு ஜூலை 19இல்தான் திறந்திருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்ததா, வாய்க்காலில் ஏறியதா, மடை திறந்தாயிற்றா என்பதைத் தவிர வேறு பேச்சே வீடுகளில் இல்லாத நாட்கள். அவளுடைய அப்பா இரவில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவார். தண்ணீர் என்றால் அந்த வீட்டில் அது பாய்ச்சுவது, தேக்குவது, வடிப்பது, காத்திருப்பது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பிள்ளைக்கு 'வாட்டர்' என்றதும் செயல்தான் முதலில் நினைவுக்கு வந்திருக்கும். அதைத்தான் நான் தப்பு என்று சொல்லியிருந்தேன்.

நான் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலம் கற்பித்தவள். காவிரிப் படுகையில் ஆங்கிலத்தைவிட ஆங்கில 'கிராமர்' மீதுதான் பெரியவர்களுக்கு மதிப்பு அதிகம். எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத வலங்கைமானில் 1869இல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று உலகறியப் புகழ்பெற்றவர். அதற்கு முன் பள்ளி ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவர். அவருடைய ஆங்கிலத்தில் ஒரு பிழை காண முடியாது என்பதை என் தாத்தா, தன் சொந்தச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தப் பெருமிதத்தில் வளர்ந்த எனக்கு, 'பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச்' எனப்படும் எட்டுச் சொல்வகைகளின் பெயரும் விளக்கமும் மனப்பாடம். அதையே ஒப்பிக்கச் சொன்னேன். ஒப்பித்தவர்களுக்கு மதிப்பெண் கொடுத்தேன். ஒரு சொல்லை வாக்கியத்திலிருந்து பிடுங்கித் தனியே வைத்துவிட்டு 'இது என்ன வகை' என்று கேட்பது, வயலிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட்டு நிறுத்தி, 'நீ நடவு ஆளா, அறுப்பு ஆளா' என்று கேட்பதற்குச் சமம் என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. நடவின்போது அவர் நடவு ஆள். அறுப்பின்போது அறுப்பு ஆள்.

எட்டு வந்த வழி

அந்தக் கேள்விக்குப் பிறகு, இந்த எட்டு என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் என்ற கிரேக்கரின் பெயரில் வழங்கும் இலக்கண நூலில் சொல்வகைகள் எட்டுதான். ஆனால் அந்த எட்டு நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் எட்டு அன்று. அதில் அட்ஜெக்டிவ் தனியாக இல்லை, பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. 'ஐயோ', 'ஆஹா' போன்ற உணர்ச்சிச் சொற்களான இன்டர்ஜெக்ஷனும் தனியாக இல்லை. அவற்றுக்குப் பதிலாக, ஆங்கிலத்தின் 'த' போன்ற ஆர்ட்டிகிளும், வினையிலிருந்து பிறந்து பெயரின் இயல்பையும் கொண்ட பார்ட்டிசிபிளும் தனி வகைகளாக இருந்தன. அந்த இலக்கணத்தை ரோமானியர்கள் லத்தீனுக்குக் கொண்டுவந்தபோது, லத்தீனில் ஆர்ட்டிகிள் என்பதே இல்லை. ஒன்று குறைந்துவிட்டது. அந்த இடத்தில் இன்டர்ஜெக்ஷனை வைத்து எட்டை எட்டாகவே காப்பாற்றிக்கொண்டார்கள். பல நூற்றாண்டுகள் கழித்து, யார்க் நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றுக்காக லிண்ட்லி மரே 1795இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில் சொல்வகைகள் ஒன்பது. பிறகு ஆர்ட்டிகிளை அட்ஜெக்டிவோடு சேர்த்து மறுபடியும் எட்டாக்கினார்கள். இன்றைய இலக்கண அறிஞர்கள் 'த', 'திஸ்', 'மை', 'சம்' போன்றவற்றைப் பிரித்து டிடர்மினர் என்று வேறு பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது ஏமாற்றம் அன்று, பெரிய ஆறுதல். கிரேக்கத்தில் புறப்பட்டு, ரோமில் திரும்பி, இங்கிலாந்தில் கிளை பிரிந்து கடைமடையான எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்த ஒரு பாகுபாடு இது. வந்த வழியெல்லாம் அந்தந்த நிலத்துக்கு ஏற்ப மாறியிருக்கிறது. அப்படியிருக்க, அதை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு ஏன் மாறாத விதியைப் போலச் சொல்லிக் கொடுக்க வேண்டும்? 'வெர்ப் என்றால் செயலைக் குறிக்கும் சொல்' என்ற விளக்கத்தை நம்பிய பிள்ளைகள், 'இஸ்', 'ஹேவ்', தெரியும் என்று பொருள்படும் 'நோ' ஆகியவற்றை வெர்ப் இல்லை என்று எழுதுவதையும், 'லாங் ஜம்ப்' என்பதில் உள்ள 'ஜம்ப்' என்ற சொல்லை வெர்ப் என்று எழுதுவதையும் நான் எத்தனையோ முறை திருத்தியிருக்கிறேன். பிழை அவர்களுடையது என்றே ஒவ்வொரு முறையும் நினைத்திருந்தேன். அவர்கள் நான் சொன்ன விளக்கத்தை நேர்மையாகப் பின்பற்றியிருந்தார்கள் என்பதுதான் உண்மை.

வெளிப்படி

அந்த ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியலில் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்ததையும், ஓடுகள் பறந்ததையும், மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்ததையும் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. பள்ளிக்கூடமும் இல்லை. பிள்ளைகள் வீட்டில் இருந்தால் விழுந்து கிடக்கும் கம்பிகளுக்கும் ஓடுகளுக்கும் இடையில் ஓடுகிறார்கள் என்று தாய்மார்கள் பகலிலேயே என் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். திண்ணையின் மேல் கூரை பாதி போய்விட்டதால் நாங்கள் வாசற்படிகளில் அமர்ந்தோம்.

ஒருநாள் மாலை நாலரை மணி இருக்கும். அந்தச் சிறுமியின் வீடு எதிர் வரிசையில் இருந்தது. அவளுடைய தம்பி, முதல் வகுப்புப் பிள்ளை, புத்தகத்தை வைத்துக்கொண்டு இருட்டில் சிணுங்கிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அவர்களுடைய அம்மா, "உள்ள கண்ணு தெரியாதுடா, வெளிப்படியில உக்காந்து படி" என்று குரல் கொடுத்தார். என் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருந்த சிறுமி தலையைத் தூக்கினாள். சற்று நேரம் எதிர் வீட்டையே பார்த்தாள். பிறகு, "டீச்சர், அம்மா ரெண்டு படி சொல்லுச்சு" என்றாள்.

அந்த நொடியை எனக்கு இன்னும் விரித்துச் சொல்லத் தெரியவில்லை. நூறு முறை கேட்ட வாக்கியம் அது. என் அம்மா எனக்குச் சொன்னது, நான் என் பிள்ளைகளுக்குச் சொன்னது. முதல் படி உட்காரும் இடம். இரண்டாம் படி செய்யும் வேலை. எழுத்தில் ஒரு புள்ளி மாற்றமில்லை, ஒலியில் ஒரு மாத்திரை மாற்றமில்லை. "முதல் படி என்ன?" என்று கேட்டேன். "பெயர்ச்சொல்." "எப்படிச் சொல்றே?" அவள் யோசிக்கவே இல்லை. "படியில, படியை, படிக்குன்னு எல்லாம் சொல்லலாம் டீச்சர்." "ரெண்டாவது?" "வினைச்சொல். படிச்சேன், படிக்கிறேன், படிப்பேன்." பக்கத்திலிருந்த வேறொரு பெண், "எங்க அப்பாயி அரிசி அளக்குறதும் படிதான்" என்றது. ஒரு பையன் எழுந்து நின்று, "நீங்க சொன்னபடி செய்யறேன்னு சொல்றோமே, அது எந்தப் படி டீச்சர்?" என்றான். அவனுக்கு அன்று என்னால் முழுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் 'படி' தானாக நிற்காது, முன்னே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும் என்பதை மட்டும் காட்டினேன்.

எனக்கு உறைத்தது இதுதான். அந்தப் பிள்ளைகளிடம் வினைச்சொல்லுக்கு விளக்கம் கேட்டிருந்தால் 'செயலைக் குறிப்பது' என்று ஒப்பித்திருப்பார்கள். ஆனால் ஒரு சொல் வினையா பெயரா என்று உண்மையிலேயே கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில், அந்த விளக்கத்தை அவர்கள் தொடவே இல்லை. சொல்லின் வாலில் 'ஐ', 'இல்', 'கு' சேருகிறதா, காலம் சேருகிறதா என்று போட்டுப் பார்த்தார்கள். தொல்காப்பியர் செய்வதும் இதையேதான். வினை என்பது வேற்றுமை கொள்ளாது, காலத்தோடு தோன்றும் என்பது வினையியலின் முதல் நூற்பா. செயலைக் குறிப்பது என்று அவர் அங்கே தொடங்கவில்லை. எதை ஏற்கும், எதை ஏற்காது என்று தொடங்குகிறார். சொல் என்று சொல்லப்படுவன பெயரும் வினையும் ஆகிய இரண்டே என்றும், இடைச்சொல்லும் உரிச்சொல்லும் அவற்றைச் சார்ந்து தோன்றும் என்றும் அவர் சொல்வது, ஒரு சொல்லை அது பக்கத்துச் சொல்லோடு கொள்ளும் உறவை வைத்தே பார்க்கிறது. இவ்வளவையும் பிள்ளைகள் தம் வாயிலேயே வைத்திருந்தார்கள். நான் அதை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லி, உள்ளே ஆங்கில இலக்கணத்தை வெறும் பெயர்ப் பட்டியலாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறான ஒன்று இதே கரையில் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டவர். 1716இல் ஹாலே நகரில் அச்சான அவருடைய தமிழ் இலக்கணம் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம் லத்தீன் இலக்கணம் என்பதால், அங்கிருந்து தமிழுக்குப் பாலம் போட்டார். கற்பவரின் மொழியிலிருந்து தொடங்க வேண்டும் என்று வந்தவருக்குத் தோன்றியது, இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஓய்வு பெறும் வயதில்தான் தோன்றியிருக்கிறது.

வேலைக்கு அனுப்புதல்

மறுநாள் பலகையில் 'வாட்டர்' என்று மறுபடியும் எழுதினேன். படிக்குச் செய்த சோதனையை இதற்குச் செய்து பார்ப்போம் என்றேன். தமிழில் உருபு பின்னால் சேர்கிறது. ஆங்கிலத்தில் முன்னால் 'த' போட்டுப் பார்க்கலாம். 'த வாட்டர்' என்று சொல்ல முடிகிறது, அதனால் நவுனாக வேலை செய்யும். தமிழில் 'த்தேன்' சேர்ப்பதுபோல இங்கே இறந்த காலத்தின் 'ட்' ஒலியைச் சேர்த்தால், 'ஐ வாட்டர்ட் த பிளான்ட்ஸ்' என்று சொல்ல முடிகிறது, அதனால் வெர்ப்பாகவும் வேலை செய்யும். எது என்பதை எப்படி முடிவு செய்வது? "வேலைக்கு அனுப்பினாத்தான் தெரியும்" என்று ஒரு பையன் சொன்னான். வாக்கியத்தில் போடுவதற்கு எங்கள் திண்ணையில் அன்றிலிருந்து அதுதான் பெயர். சொல்லை வேலைக்கு அனுப்பு.

பிறகு வயலில் இருந்து சொற்களைக் கொண்டுவரச் சொன்னேன். விதைக்கு 'சீட்', களைக்கு 'வீட்', ஏருக்கு 'பிளவ்', வெள்ளத்துக்கு 'ஃப்ளட்', அணைக்கு 'டேம்', மீனுக்கு 'ஃபிஷ்', அறுவடைக்கு 'ஹார்வெஸ்ட்', செடிக்கு 'பிளான்ட்'. ஒன்றுவிடாமல் எல்லாமே இரண்டு வேலையும் செய்கின்றன. எனக்கே அது வியப்பாக இருந்தது. தமிழிலும் 'விதையை விதை', 'களையைக் களை' என்று எழுத முடிகிறது என்பதைப் பிள்ளைகள் கண்டுபிடித்தபோது, ஆங்கிலம் அவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. களை பறிக்கிறோம் என்றுதான் ஊரில் பேசுகிறோம், 'களை' என்று வினையாகச் சொல்வது எழுத்தில்தான் என்று ஒரு பெண் நினைவூட்டினாள். அதுவும் நல்ல கவனிப்பு.

இரண்டு மொழிக்கும் உள்ள வேறுபாட்டை மறைக்கக் கூடாது. தமிழில் பெயரும் வினையும் ஒன்றாகத் தெரிவது ஏவல் வடிவில்தான். 'படித்தான்' என்று காலமும் விகுதியும் சேர்ந்தவுடன் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படி இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் மீனுக்கு ஒரு வடிவம், மீன் பிடிப்பதற்கு 'இயன்' என்ற ஈறு சேர்ந்த இன்னொரு வடிவம். தண்ணீருக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கும் அப்படியே. நாளடைவில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. பெயரும் வினையும் ஒரே உருவில் நின்றுவிட்டன. அதனால் ஆங்கிலத்தில் சொல்லின் வேலையைச் சொல்வது அது நிற்கும் இடம். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் ஒரே வெண்ணாற்றுத் தண்ணீர் மூன்றாகப் பிரிகிறது; இந்த மதகு வழியாகப் போனால் பாமணியாறு, அந்த மதகு வழியாகப் போனால் கோரையாறு. தண்ணீரைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு இது எந்த ஆறு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் பிள்ளைகள் அந்தத் தலைப்பைப் பார்த்தவர்கள் என்பதால், இதை இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோதனைகளுக்கும் எல்லை உண்டு. முதலில் நான் 'எஸ் சேர்த்துப் பன்மை ஆகிறதா பார்' என்பதையும் நவுனுக்கு ஒரு சோதனையாகக் கொடுத்திருந்தேன். 'ஹீ பிளான்ட்ஸ் பிளான்ட்ஸ்' என்று ஒரு வாக்கியம் வந்தது. இரண்டிலும் எஸ் இருக்கிறது. ஒன்று, அவன் ஒருவன் நடுகிறான் என்பதற்கு வரும் எஸ். மற்றது, செடிகள் பல என்பதற்கு வரும் எஸ். தமிழ்ப் பிள்ளைக்கு இது கொடுமையான இடம். செய்பவர் ஒருவர் என்னும்போது வெர்ப்பில் எஸ், பொருள் பல என்னும்போது நவுனில் எஸ். பெயரில் 'கள்' என்றால் பன்மை என்று பழகிய மனம், ஒருமையில் எஸ் போட மறுக்கிறது. எத்தனை வகுப்பு தாண்டினாலும் 'மை ஃபாதர் கோ' என்று எழுதும் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்களுடைய மொழியறிவு அங்கே எதிர்த் திசையில் இழுக்கிறது. அந்தச் சோதனையை அன்றோடு விட்டுவிட்டேன்.

பொருந்தாத இடங்கள்

அட்ஜெக்டிவுக்கு உரிச்சொல் என்று தமிழாக்கம் செய்யும் பழக்கம் பல உரைநூல்களில் இருக்கிறது. இது பிள்ளைகளை இரண்டு பக்கமும் குழப்புகிறது என்பது என் உறுதியான கருத்து. தமிழில் உரிச்சொல் என்றால் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று தமிழாசிரியர் வேறு ஒன்றைச் சொல்லிக் கொடுத்திருப்பார். பெயரடை, வினையடை என்ற சொற்களே தெளிவானவை. பெயரை அடுத்து நிற்பது, வினையை அடுத்து நிற்பது என்று பெயரிலேயே வேலை தெரிகிறது. 'அழகான பாட்டு', 'அழகாகப் பாடினாள்' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, 'ஆன' எங்கே வருகிறது, 'ஆக' எங்கே வருகிறது என்று பார்க்கச் சொன்னால், 'பியூட்டிஃபுல் சாங்', 'சேங் பியூட்டிஃபுலி' என்ற வேறுபாட்டை ஏழு வயதுப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்கிறது. அந்த 'லி' நம்முடைய 'ஆக' செய்யும் வேலையைச் செய்கிறது. 'ஃபாஸ்ட்' வந்து இதைக் கலைக்கும். அது இரண்டு இடத்திலும் மாறாமல் நிற்கும். கலைக்கட்டும். வேலையைப் பார்க்கப் பழகிய பிள்ளை, வால் இல்லை என்பதற்காகத் திகைத்து நிற்பதில்லை.

ப்ரெபொசிஷனில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன். ப்ரெ என்றால் முன். ஆங்கிலத்தில் 'ஆன்', 'இன்', 'டு' எல்லாம் பெயருக்கு முன்னால் நிற்கும். தமிழில் அதே வேலையைச் செய்யும் உருபும் சொல்லுருபும் பெயருக்குப் பின்னால் நிற்கும். வீட்டுக்குள், மரத்தின் மேல், பள்ளிக்கு. இதைச் சொல்லாமலே விட்டுவிட்டு, 'அண்டர் த ட்ரீ' என்பதை மனப்பாடம் செய்ய வைப்பதால்தான், சொந்தமாக எழுதும்போது பிள்ளைகள் 'ட்ரீ அண்டர்' என்று எழுதுகிறார்கள். 'அண்டு' என்பதும் அப்படியே. நாம் 'அண்ணனும் நானும்' என்று ஒவ்வொரு பெயரிலும் 'உம்' ஏற்றிச் சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் 'அண்டு' வைக்கிறது. இந்த ஒப்பீடுகளைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக் கூடாது என்று தடை விதிக்கும் இடங்களில் அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. அந்தத் தடையைப் பெருமையாக நினைக்கும் பெற்றோரிடம் நான் மன்றாடியே கேட்டிருக்கிறேன்: பிள்ளையின் தலைக்குள் ஏற்கெனவே ஒரு முழு இலக்கணம் இருக்கிறது, அதைப் பூட்டிவிட்டு இன்னொன்றை வாங்கி வைக்காதீர்கள் என்று. சிலர் கேட்டுக்கொண்டார்கள்.

கிணறும் நன்றாகவும் ஒரே சொல்லாக நிற்கும் 'வெல்' பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த சொல். 'த வெல் வாட்டர் இஸ் ஸ்வீட்' என்று எழுதுவார்கள். அடியில் 'வாட்டர் த பிளான்ட்ஸ் வெல்' என்று எழுதுவார்கள். முதல் வாக்கியத்தில் கிணறும் தண்ணீரும் பெயர்கள். இரண்டாவதில் தண்ணீர் வினையாகி முன்னால் வந்துவிட்டது. கிணறு 'நன்றாக' ஆகிப் பின்னால் போய்விட்டது. ஒரு பிள்ளை இதைப் பார்த்துவிட்டு, 'நல்லா படி' என்பதில் உள்ள 'நல்லா'வுக்கும் 'வெல்'லுக்கும் கீழே கோடு போட்டு இணைத்து வைத்திருந்தது. அந்த நோட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தச் சிறுமி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத் தேர்வுக்குப் படிக்க வேண்டிய ஆண்டு என்றாலும், வாரத்தில் இரண்டு மாலை வந்து சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். சென்ற வாரம் அவள் பலகையில் 'வாட்டர்' என்று எழுதியதை நான் உள்ளே சுவரோரம் காய்கறி நறுக்கிக்கொண்டே கவனித்தேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி, "நவுன்!" என்றான். அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. சாக்பீஸை அவனிடம் நீட்டி, "வேலைக்கு அனுப்பு பார்ப்போம்" என்றாள். அவன் பலகை அருகே போய் வெகுநேரம் நின்றான். ஒருமுறை எழுதி அழித்தான். பிறகு, 'மை ஃபாதர் வாட்டர் த ஃபீல்ட்' என்று பெரிய எழுத்தில் எழுதிவிட்டு, அவளைப் பார்க்காமல் தெருவுக்கு அப்பால் வாய்க்கால் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். ஓர் எஸ் விட்டுப் போயிருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நாளைக்கு என்று நான் கையைக் காட்டினேன்.